படத்தின் நாலாவது மூலை

பஸ் இன்னும் கம்பெனி கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் பூபாலன் தூங்கிப்போனான். தூங்கினான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நாகரிகமாகச் சாய்ந்தான் என்று நினைக்க வேண்டாம். கழுத்தில் ஆணி கழன்ற மாதிரி தலை தொங்கி, இரண்டு தரம் ஆடி, பக்கத்தில் இருந்த கஜேந்திரனின் தோளில் வந்து விழுந்தது. விழட்டும். ஆறு வருஷமாக விழுகிற தலைதானே. ஒரகடத்திலிருந்து செய்யாறு போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். அதில் மாங்கால் கூட்ரோடு வரைக்கும் இந்தத் தலையைச் சுமப்பது கஜேந்திரன் வேலை, கூட்ரோடு வந்ததும் முழங்கையால் ஓர் இடி கொடுத்து எழுப்பி இறக்கிவிடுவதும் அவன் வேலை. அதன் எடை அவனுக்கு மனப்பாடம். ராத்திரி பூரா உருக்கின அலுமினியத்துக்குப் பக்கத்தில் நின்றவன் தலையில் ஒரு சூடு இருக்கும், முகம் கழுவினாலும் போகாத எண்ணெய் வாடை ஒன்று இருக்கும், இரண்டும் சட்டையைத் தாண்டி இவன் தோளுக்குள் இறங்கும். நைட்டு பார்த்துவிட்டு வருகிறவன் தானும் தூங்க வேண்டியதுதானே என்றால், கஜேந்திரனுக்கு அது வராது. ராத்திரி எடுத்த படங்களை ஒரு தரம் புரட்டிப் பார்த்தால்தான் அவனுக்குக் கண் சொக்கும். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துத் தொலைத்தான்.

போட்டோ கஜா என்றால் அந்த ஷெட்டில் தெரியாதவன் கிடையாது. உருகின உலோகத்தை அச்சுக்குள் அடித்து வண்டி பாகம் செய்கிற மிஷின் பதினாறு நிற்கிற ஷெட்டு அது. அந்தப் புகையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் படம் எடுக்க என்ன இருக்கிறது என்றுதான் யாரும் கேட்பார்கள். கஜேந்திரன் எடுப்பான். கரண்டியில் தளும்பும் அலுமினியம், வெள்ளிக் குடம் சாய்ந்த மாதிரி ஒரு தரம். அச்சு திறக்கும்போது கிளம்புகிற ஆவிக்குள் பூபாலன் முகம் பாதி சிவப்பு பாதி கறுப்பாக ஒரு தரம். மூணு மணி டீயை வாங்கிக்கொண்டு ஏழு பேர் ஏழு மூலையில் பேச்சில்லாமல் நிற்பது ஒரு தரம். பசங்களே வைத்துக்கொண்ட வாட்ஸாப் குரூப்பில் போட்டால் போதும், இருதயமும் தீயுமாகக் கொட்டுவார்கள். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அனுப்பி, பார்த்தாயா நான் என்ன வேலை செய்கிறேன் என்பார்கள். உன் கையில் போன் இருந்தால் கரிக்கட்டையும் கல்யாண மாப்பிள்ளை ஆகிவிடும்டா என்று பூபாலன் சொல்வான். அவ்வளவு பெயர் இருந்ததால்தான் கம்பெனி குரூப்புக்குப் போக வேண்டிய படத்தையும் அவன் தலையிலேயே கட்டினார்கள். அது வேறு குரூப். நாற்பத்து மூன்று பேர், புரொடக்‌ஷன் மேனேஜர் நரசிம்மன் சார் உட்பட. ஒவ்வொரு ஷிப்டும் முடிவதற்குள் தரையைப் பெருக்கி, எண்ணெய் துடைத்து, கரண்டி இடுக்கி எல்லாம் அதனதன் ஆணியில் மாட்டி, சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று ஒரு படம் போட வேண்டும். அந்தப் படத்துக்காகத்தான் போனையே உள்ளே விட்டார்கள். நாலே முக்காலுக்குத் தரை கழுவினதும் எடுத்து வைத்ததை இன்றைக்குக் காலை ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் போட்டிருந்தான். நல்ல படம். ஈரத் தரையில் ட்யூப்லைட் நீளமாக விழுந்து, ரயில் தண்டவாளம் மாதிரி ஓடியது. தன் படத்தைத் தானே மெச்சிக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, தரையை மேய்ந்து, ஃபர்னஸை மேய்ந்து, கீழே இடது பக்கம் வந்தான். அங்கே ஸ்கிராப் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் லைட்டு செத்துப்போன இருட்டு. இருட்டில் இரண்டு புடைப்பு. அலுமினியக் கட்டியா? இன்னும் பெரிதாக்கினான். கட்டிக்கு லேஸ் இருக்குமா? ஷூ. அருகருகே, நுனி மேலே பார்க்க, இரண்டு ஷூ, அதற்குள் கால் இருக்கிற ஷூ.

அந்தக் காலுக்கு உரிய தலை இதோ இவன் தோளில் கிடக்கிறது. ஃபர்னஸ் பக்கத்தில் தூங்கினவனுக்கு அந்தக் கம்பெனியில் மெமோ கிடையாது, விசாரணை கிடையாது, நேராக கேட். போன வருஷம் ராணிப்பேட்டைப் பையன் ஒருவன் மிஷின் மேலேயே ஐந்து நிமிஷம் சாய்ந்ததற்கு, சோற்று டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ள விடவில்லை, செக்யூரிட்டிதான் வெளியே கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் இந்த மாதமா? ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் கிடக்கிறவர்களில் அந்த ஷெட்டுக்கு ஒரே ஓர் ஆளைப் பர்மனென்ட் பண்ணுகிறோம் என்று இரண்டு பேரை மேலே எழுதி அனுப்பியிருக்கிறார்களே, பூபாலன், கஜேந்திரன் என்று, அந்த மாதத்திலா? முதல் பெயர் பூபாலன். இரண்டாவது கஜேந்திரன். எழுத்து வரிசையில் பார்த்தால் கஜேந்திரன்தானே முன்னால் வரணும் என்று இவன் எத்தனையோ தரம் மனசுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறான். சரி, அது கிடக்கட்டும் இப்போது. எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? படத்தின் மேல் விரலை அழுத்திப் பார்த்தான், பதினொன்று. பதினொன்றும் பசங்கள், படத்தை எவன் உற்றுப் பார்த்தான், தரை வெள்ளையாக இருந்தால் சரி. மேனேஜர் பார்க்கவில்லை. அவர் ஏழரைக்குத்தான் பார்ப்பார், வீட்டில் காபி குடித்துக்கொண்டே எல்லா ஷிப்டு படத்தையும் பார்ப்பார் என்பது கம்பெனிக்கே தெரியும். மணி ஆறு ஐம்பத்தைந்து. அழித்துவிடு, அவ்வளவுதானே? விரலால் இரண்டு தட்டு. அழித்தால் அழித்த இடம் தெரியும். ஏன் அழித்தாய் என்று கேட்பார். மங்கலாக இருந்தது சார் என்று சொன்னால் தீர்ந்தது. ஒரு பொய். அதுவும் சின்னப் பொய். கஜேந்திரன் வாழ்க்கையில் சொல்லாத பொய்யா?

ஆனால் விரல் போகவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் வேறொரு கணக்குத் தீர வேண்டியிருந்தது. எடுக்கும்போது பார்த்தோமா, பார்க்கலையா? பார்க்கலை. நிச்சயமாகப் பார்க்கலை, நாலே முக்கால் மணிக்கு எவனுக்குக் கண் தெரிகிறது, கண்ணில் மிளகாய்த் தூள் தூவின மாதிரி இருக்கிற நேரம் அது. பார்க்கலை. அப்படியானால் போட்டோ கஜா படம் எடுத்தால் நாலு மூலையும் பார்க்காமல் எடுக்க மாட்டான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது யார்? ஒரு படத்தில் ஓரமாக ஒரு துடைப்பக் குச்சி வந்துவிட்டது என்று கரண்டி மாட்டியிருந்த இடத்திலிருந்து மறுபடி நடந்துபோய் அதைத் தள்ளிவைத்துவிட்டு வந்து எடுத்தது யார்? மேலே வலது, மேலே இடது, கீழே வலது, கீழே இடது. அப்படித்தான் கண் போகும், கையைக் கழுவுகிற மாதிரி, சொல்லாமலே போகும். இன்றைக்கும் போயிருக்கும். மேலே வலது, மின்விசிறி. மேலே இடது, போர்டு. கீழே வலது, தண்ணீர்க் குழாய். கீழே இடது… அங்கே வந்ததும் நினைவு கல்லில் பட்ட கத்தி மாதிரி வழுக்குகிறது. மறுபடி மின்விசிறியிலிருந்து ஆரம்பித்தான். போர்டு. குழாய். வழுக்கல். பூபாலன் எங்கே படுத்திருந்தான் என்பது இவனுக்குத் தெரியாதா? அதைத் தெரியாது என்று சொல்ல வாய் இருக்கிறதா? அட்டையை விரித்துப் போட்டதே இவன்தான். சும்மா படுடா, நான் பார்த்துக்கறேன் என்று சொன்னதும் இவன்தான். அந்த ஷெட்டில் அதற்கு இருபது என்று பெயர். ராத்திரி மூணு மணிக்கு மேல் உடம்பு தன் பேச்சைக் கேட்காது. கை ஒரு பக்கம் போகும், அச்சு ஒரு பக்கம் மூடும். விரலை விட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் பக்கத்து மிஷின்காரர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு, ஒருவன் இரண்டு மிஷினையும் பார்ப்பான், மற்றவன் இருபது நிமிஷம் சாய்வான், பிறகு மாறிக்கொள்வார்கள். எழுதாத சட்டம் அது. இருபது போட்டிருக்கிறவனை எழுப்பக் கூடாது, காட்டிக் கொடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பசங்கள் குரூப்பில் எவ்வளவோ கூத்தடிப்பார்கள், சாப்பிடும்போது வாயைத் திறந்த படம், வழுக்கி விழுந்த படம் எல்லாம் வரும். இருபதில் இருக்கிறவன் படம் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. இத்தனைக்கும் நேற்று ராத்திரி முதல் இருபது கஜேந்திரனுடையது. மூணே முக்காலுக்குப் படுத்தான். எழுந்து பார்த்தால் நாலு இருபத்தைந்து. நாற்பது நிமிஷம். ஏன்டா எழுப்பல என்று சண்டை போட்டதற்குப் பூபாலன் சிரித்தான். குழந்தை மாதிரி தூங்கினடா, மனசு வரலை என்றான்.

அந்தச் சிரிப்புதான் இவனுக்குப் பிடிக்காது. நல்லவனாக இருப்பதற்கு ஓர் அளவு வேண்டாமா? இருபது என்றால் இருபது கொடு. நாற்பது கொடுத்தால் வாங்கினவன் என்ன செய்வான்? நன்றி சொல்லிக்கொண்டே சாக வேண்டுமா? ஆறு வருஷமாக இதே கதை. மிஷின் மக்கர் பண்ணினால் நீ உட்கார்டா நான் பார்க்கிறேன். இவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றால் நான் டபுள் ஷிப்டு பார்க்கிறேன் நீ போ. பட்டியலில் தன் பெயர் முதலில் வந்திருக்கிறது என்று தெரிந்தபோதுகூட, உனக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரிடா என்றான் முகத்தைப் பார்த்து. கிடைக்கப் போகிறவன் ஆயிரம் சொல்வான்! கிடைக்காதவனுக்குத்தான் தெரியும். ஆரணிப் பெண் வீட்டார் வந்தார்கள், பெண்ணின் அப்பா காபியை ஊதிக் குடித்துக்கொண்டே, தம்பி பர்மனென்டா என்று கேட்டார், ஆயிடும் மாமா என்றான் இவன், ஆனதும் சொல்லுங்க என்று எழுந்து போனார். அதற்கு முன்னால் வந்தவாசிக்காரர்கள், அவர்கள் கேட்கக்கூட இல்லை, பஸ்ஸில் ஒட்டியிருந்த கான்ட்ராக்டர் பெயரைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். இருபத்தொன்பது முடிகிறது. பூபாலனுக்கு என்ன, பெண்டாட்டி இருக்கிறாள், போன மாதம் பிள்ளையும் பிறந்துவிட்டது. அதுவும் எப்படிப் பிறந்தது, எட்டு மாதம் நிறையாமல், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. பெண்டாட்டிக்குத் தையல் பிரிந்து ஜுரம். அதனால் பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிவிட்டு அவன்தான் பிள்ளையை நெஞ்சோடு ஒட்டிவைத்துத் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். அசையக் கூடாது, தூங்கினால் பிள்ளை நழுவிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். பத்தொன்பது நாளாக அவனுக்குத் தூக்கம் என்பதே இந்த பஸ்ஸும் அந்த இருபதும்தான். இதெல்லாம் கஜேந்திரனுக்குத் தெரியாதா? தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பனும் பிள்ளையுமாக ஒரு படம் எடுத்துக் கொடுத்ததே இவன்தானே. தெரிந்துகொண்டேதான் யோசிக்கிறான். தெரியாதவன் யோசித்தால் அது வேறு.

வாலாஜாபாத்தில் பஸ் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள், ஒருவன் இறங்கும்போது பூபாலன் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். தோளில் ஈரம் பரவுவது தெரிந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறான், எச்சில் வெதுவெதுப்பாகச் சட்டையில் இறங்குகிறது. அருவருப்பாக இருந்தது. அருவருப்பாக இருக்கிறதே என்று ஆறுதலாகவும் இருந்தது. விரல் படத்தின் மேல் அழுத்தி, அழிக்கிற குப்பைத்தொட்டிக் குறி மேலே வந்து நின்றது, தொட்டால் போய்விடும். தொடலாம். காஞ்சிபுரம் வரட்டும். இப்போதே அழித்தால் பார்த்த பதினோரு பேரும் ஏன் அழித்தான் என்று நினைப்பார்கள், ரெண்டு நிமிஷம் போகட்டும். எந்த நினைப்பு எந்த நினைப்புக்கு நொண்டிச்சாக்கு என்று அவனுக்கே தெரியவில்லை. நான் செய்யவில்லை, அது ஆகியிருக்கிறது. ஆனதை நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான். அழிக்காமல் இருப்பது ஒரு வேலையா? மழை பெய்கிறது, குடை பிடிக்கவில்லை, அதற்காக மழையை நான்தான் பெய்வித்தேன் என்பாயா? யார் கேட்டார்கள் இதை? யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கிற ஒருவனும் தூங்குகிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; கஜேந்திரன் நெஞ்சு குறுகுறுக்கக்கூட இல்லை, வக்கீல் மாதிரி நின்று வாதாடிக்கொண்டிருந்தது. மேடு ஒன்றில் பஸ் தூக்கிப் போட, பூபாலன் தலை எகிறி, கண் பாதி திறந்தது. சிவப்புக் கண். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு நொடி இவன் முகத்தைப் பார்த்தான். இவன் போனைத் தொடையில் கவிழ்த்தான்.

“நாலு நாள்ல நூறு கிராம் ஏறிட்டாடா மச்சான்” என்றான் பூபாலன், தூக்கத்திலிருந்து நேராகப் பேச்சுக்குள் இறங்கி. “நேத்து நர்ஸம்மா எடை போட்டாங்க. உன்கிட்ட சொல்லவே மறந்துட்டன்.”

நல்லது மச்சான் என்று இவன் சொல்லி முடிப்பதற்குள் தலை மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிட்டது, பழைய ஈரத்தின் மேலேயே. நூறு கிராம். நூறு கிராம் எவ்வளவு இருக்கும்? டீத்தூள் பாக்கெட்டு. அந்த டீத்தூள் பாக்கெட்டுக்காக இந்த ஆள் பத்தொன்பது நாள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். சட்டென்று கஜேந்திரனுக்கு மூக்கு எரிந்தது, கண்ணில் நீர் முட்டியது, சே என்ன மனுஷன் நான், மனுஷனா நான் என்று போனைத் திருப்பினான், படத்தின் மேல் விரலை வைத்தான், குப்பைத்தொட்டி வந்தது, அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி குரூப்பில் புதிதாக ஒன்று வந்து விழுந்தது. நரசிம்மன் சார். மணி ஏழு இருபத்தாறு, நாலு நிமிஷம் முன்னாடியே காபி குடித்துவிட்டார் போல. கீழே தள்ளிப் பார்த்தான். கட்டைவிரல் ஒன்று. அதன் கீழே, குட், சி ஷிப்ட் சூப்பர், மற்ற ஷிப்ட் இதைப் பார்த்துக் கத்துக்கணும். அவ்வளவுதான். பார்த்துவிட்டார். பார்த்தும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார், தண்டவாளம் மாதிரி ஓடின வெளிச்சத்தைப் பார்த்தார், இருட்டு மூலையை எவன் பார்ப்பான்? தீர்ந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அழிக்கவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், பூபாலன் கூட்ரோட்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவான், சட்டையைக் கழற்றுவான், பிள்ளையை வாங்கிக்கொள்வான். கஜேந்திரன் பெருமூச்சு விட்டான். விட்ட மூச்சு பாதியில் நின்றது. வயிற்றுக்குள் நிம்மதி வர வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது, அதை அவன் உடனே அடையாளம் கண்டுகொண்டான், பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்த்து இலை தீர்ந்துவிட்டது என்றால் வருமே, அது. ஏமாற்றம். அட பாவி, ஏமாற்றமா உனக்கு? ஆமாம். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போன ஏமாற்றம். அப்படியானால் இத்தனை நேரம் தானாக நடக்கட்டும், தானாக நடக்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாயா? ஆமாம், வேறென்ன.

காஞ்சிபுரத்துக்குள் பஸ் நுழைந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்கூடைகள், இட்லிக்கடைப் புகை. வெளியில் ஊர் அப்போதுதான் குளித்துவிட்டு வருகிற முகத்தோடு இருந்தது. உள்ளே கஜேந்திரன் மறுபடி மின்விசிறியிலிருந்து ஆரம்பித்தான். மின்விசிறி, போர்டு, குழாய், தொட்டி. இந்தத் தரம் வழுக்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் இரண்டு ஷூவை இவன் பார்த்தான். நாலே முக்காலுக்கே பார்த்தான். பார்த்துவிட்டு, ஒரு அடி வலது பக்கம் நகர்ந்திருந்தால் அது போயிருக்கும், நகரவில்லை. இருட்டாகத்தானே இருக்கிறது, தெரியாது என்று ஒரு குரல். தெரிந்தாலும் தெரியட்டும் என்று அதற்கு அடியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் விரல் பட்டனை அமுக்கியது. ஆக, விஷயம் அப்படி. தெரிந்துவிட்டதும் ஒரு மாதிரி உடம்பு லேசானது, வாந்தி எடுத்த பிறகு ஆவது மாதிரி. இதற்கு மேல் வாதாட ஒன்றும் இல்லை. படத்தை எடுத்து, திருத்துகிற இடத்துக்குள் போனான். பழகின இடம்தான், தினமும் அலுமினியத்துக்கு மினுக்கு ஏற்றுகிற இடம். வெளிச்சம் என்று ஒரு கோடு இருக்கும், அதில் ஒரு பொட்டு. பொட்டைக் கொஞ்சம் தள்ளினான். தொட்டியின் விளிம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம். அட்டை தெரிந்தது. இன்னும். ஷூவின் அடிப்பாகம் தெரிந்தது, நடுவில் குழிந்த இடத்தில் வெள்ளையாக எழுத்து. எல்லா ஷூவும் கம்பெனி கொடுத்தது, ஒரே மாதிரி இருக்கும், லாக்கரில் மாறிவிடும் என்று அவரவர் டோக்கன் நம்பரைத் தேயாத இடமாகப் பார்த்துப் பெயின்டில் எழுதி வைத்திருப்பார்கள். 2714. பூபாலன் கையெழுத்து கோழிக் கிறுக்கல், அதனால் அதை எழுதிக் கொடுத்ததும் கஜேந்திரன்தான். அச்சடித்த மாதிரி எழுதியிருந்தான். பொட்டை இன்னும் ஒரு நெல் தள்ளினதும் யாரும் கண்ணாடி போடாமல் படிக்கலாம்.

அனுப்புவதற்கு முன்னால் நாலு மூலையும் பார்த்தான். பிறகு கீழே எழுதினான்: சார், முன்னாடி போட்ட படம் கொஞ்சம் இருட்டா இருந்துச்சு, வெளிச்சம் கூட்டிப் போட்டிருக்கேன் சார். எழுதினதைப் படித்துப் பார்த்தான். பணிவாக இருந்தது. போட்டோ மேல் ஆசை உள்ள ஓர் அப்பாவி எழுதினது மாதிரியே இருந்தது. நாளைக்கு எவன் கேட்டாலும், ஐயோ நான் கவனிக்கலைணா, தரையைத்தான் பாத்தேன், என் கையாலேயே என் மச்சானுக்கு இப்படி ஆயிடுச்சே என்று அழலாம், அழுகையும் நிஜமாகவே வரும், அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. செவிலிமேடு தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறினபோது அனுப்பினான். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. படம் ஒரு வட்டம் சுற்றியது. போனது. பஸ்ஸுக்குள் முன்னாலும் பின்னாலுமாக ஐந்தாறு போன் ஒன்றன்பின் ஒன்றாக க்ளிங் என்றது. இப்போது எடுத்துவிடலாம், இன்னும் எடுத்துவிடலாம், பாலம் முடிவதற்குள் எடுத்தால் யாருக்கும் தெரியாது என்று பழைய குரல் எழுந்து ஓடிவந்தது. அதை இவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான், பஸ் கிளம்பின பிறகு பின்னாலேயே ஓடிவருகிறவனை ஜன்னலிலிருந்து பார்க்கிற மாதிரி. குரூப் பெயருக்குக் கீழே நரசிம்மன் சார் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். பயமா என்றால் பயம்தான், ஆனால் மார்க் வருவதற்குக் காத்திருக்கிற பயம்.

வந்தது. தொட்டிக்குப் பின்னால் படுத்திருப்பது யார்? 2714 யாருடைய நம்பர்? மறுபடியும் க்ளிங் க்ளிங் என்று பஸ் முழுக்க. பின் சீட்டில் எவனோ போட்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். முன் சீட்டில் இருந்த டூல்ரூம் தேவராஜ் அண்ணன், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பினார். கையில் போன். முதலில் பூபாலனைப் பார்த்தார். வாய் திறந்து, எச்சில் ஒழுக, உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாத முகமாக அவன் கிடந்தான். பிறகு கஜேந்திரனைப் பார்த்தார். இது முட்டாளா, வேறு ஏதாவதா என்று அவர் தேடுவது தெரிந்தது, தேடட்டும் என்று இவன் கண்ணைத் தாழ்த்தாமல் இருந்தான். அதுவும் கொஞ்ச நேரம்தான் முடிந்தது. குரூப்பில் யாரும் பதில் போடவில்லை. நாற்பத்து மூன்று பேரில் ஒருவனும் போடவில்லை, எல்லோருக்கும் நம்பர் தெரியும். பதில் மேனேஜருக்குத் தேவையும் இல்லை, ஆபீஸில் ஒரு பேப்பரைப் புரட்டினால் போதும். தூசி கிராமத்தைத் தாண்டியிருக்கும், இவன் தொடையில் ஏதோ அதிர்ந்தது. தன் போன் என்று நினைத்தான். தன்னுடையது கையில் இருந்தது. பூபாலன் கால்சட்டைப் பையிலிருந்து வருகிறது, இரண்டு பேர் தொடையும் ஒட்டி இருப்பதால் இவன் எலும்பு வரை வருகிறது. நின்றது. இரண்டு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடி அதிர ஆரம்பித்தது. பூபாலன் அசையவில்லை.

“அவன எழுப்புடா” என்றார் தேவராஜ் அண்ணன். குரலை உயர்த்தவில்லை.

“தூங்கட்டும்ணா” என்றான் கஜேந்திரன். “பகல்ல புள்ளைய வச்சுனு ஒக்காரணும். கூட்ரோடு வந்ததும் நானே எழுப்பறன்.”

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பஸ் ஒரு திருப்பத்தில் சாய, தலை தோளிலிருந்து நழுவப் பார்த்தது. கஜேந்திரன் தோளைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தான்.